மாயாபந்தர்: கம்பெனி மீன் வீட்டுக்கு வந்த மாதம்

அந்தமான் என்றதும் வெள்ளை மணலையும் ஸ்கூபா கட்டணத்தையும் தேடி இங்கே வந்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும். இந்த முறை நான் ஹேவ்லாக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து போர்ட்பிளேருக்கும், அங்கிருந்து பஸ்ஸில் மாயாபந்தருக்கும் போய்விட்டு வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. ஒருவரைச் சம்மதிக்க வைக்கப் போனேன்.

அந்த ஒருவர் சூசை அண்ணன். என் பெரியம்மா மகன். தூத்துக்குடிக் கடலிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்பு தீவுக்குப் போய், மாயாபந்தரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் வீடு கட்டி, டிங்கிப் படகு வாங்கித் தூண்டில் தொழில் செய்தவர். வயது ஐம்பத்தொன்பது. பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. இப்போது அது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. இனி டயாலிசிஸ்தான், முதல் சில மாதமாவது போர்ட்பிளேரிலேயே தங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மாட்டேன் என்கிறார். அவர் மனைவி பிளோமினா மைனி எனக்குப் போன் செய்தார். "யார் சொல்லியும் கேக்க மாட்டேங்காவ ஸ்டெல்லா. நீ வந்து ஒரு சத்தம் போட்டா கேப்பாவ."

சத்தம் போடுவதுதான் என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரைக்காரர்கள் என்னைக் கண்டாலே பாதை மாறிப் போவார்கள். அண்ணனுக்கும் பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போட்டு, என்ன சாப்பிட்டாய் என்று குடைந்துகொண்டே இருந்தேன்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். மூன்று வாரத்துக்கு முன் பதிவு செய்ததில் ஒரு வழிக்கு 6,850 ரூபாய். போர்ட்பிளேரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜய புரம். போர்டுகளில் புதுப் பெயர் இருக்கிறது, வாயில் பழைய பெயர்தான் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், 1,100 ரூபாய், வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல்தான் வரும்.

அன்று மதியம் ஒரு தப்பு செய்தேன். கடலைப் பார்த்த ஓர் உணவகத்தில் சுட்ட களவா மீன் ஒரு தட்டு 780 ரூபாய் என்று எழுதியிருந்தது. பயணத்தில் ஒரு நாள்தானே என்று வாங்கிச் சாப்பிட்டேன். பிரமாதமான மீன். கையோடு படம் எடுத்து, "உங்க ஊர் மீன்தான் சாப்பிடுறேன்" என்று அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் காலை நாலே கால் மணிக்குத் தனியார் பஸ், கட்டணம் 480 ரூபாய். மாயாபந்தர் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து நான்கு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்பதரை மணி நேரம் ஆகும். ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆறு மணிக்குப் போலீஸ் துணையோடு ஒன்றாக அனுப்புகிறார்கள். அங்கிருந்து ஜாரவா மக்களின் காடு. நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்குத் தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது. பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். சரியான சட்டம். தயவுசெய்து மதியுங்கள்.

போர்டைப் படித்துவிட்டுத் திரும்பியபோது என் முழங்காலில் ஓர் அட்டைப்பெட்டி இடித்தது. நூடுல்ஸ் பெட்டி. பஸ்ஸின் நடைபாதை முழுக்க நூடுல்ஸ், பிஸ்கட், பின்னால் பதினைந்து லிட்டர் பாமாயில் டின்கள். கண்டக்டர் தீவிலேயே பிறந்த தமிழர், பெற்றோர் ராமநாதபுரம் பக்கம். பெட்டிகளைத் தாண்டித் தாண்டி வந்தவரிடம், காய்கறி எதுவும் ஏற்றவில்லையா என்று கேட்டேன்.

"ஷிப் வந்து நாலு நாள் ஆச்சு மேடம். இப்பதான் மால் மேல போகுது. சப்ஜி ஏத்தினா பாதி சட் கயா. இது ஆறு மாசம் கிடந்தாலும் அப்படியே இருக்கும், கடைக்காரனுக்கு டென்ஷன் இல்ல."

சட் கயா என்றால் அழுகிப்போச்சு. தீவில் எல்லாருடைய தமிழிலும் இந்தி இப்படித்தான் கலந்து வரும், இரண்டு நாளில் பழகிவிடும்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் பஸ்ஸோடு படகில் ஏறி அக்கரை போக வேண்டும். இரு பக்கமும் அலையாத்திக் காடு. ரங்கத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள், சாப்பாடு 130 ரூபாய், காய் என்ற பெயரில் உருளைக்கிழங்கு. மதியம் 1.50க்கு மாயாபந்தர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர், ஜெட்டி, சில அலுவலகங்கள், ஒரு கடைத்தெரு. அவ்வளவுதான். அழகான ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதைப் பார்க்கும் மனநிலை எனக்கு இல்லை.

பஸ் நிலையத்துக்கு அண்ணன் ஆட்டோவில் வந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் வீக்கத்தில் செருப்பின் வார் மாட்ட முடியாமல் திறந்தபடி இழுத்துக்கொண்டு நடந்தார். பாறை மாதிரி இருந்த மனிதர். "என்னளா இப்படி மெலிஞ்சிட்டே?" என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் என் கையெழுத்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி அனுப்பிய சாப்பாட்டு அட்டவணை, பிளாஸ்டிக் உறை போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். காலையில் கேழ்வரகு. மதியம் கால் தட்டு சோறு, அரைத் தட்டு காய், ஒரு கீரை. வாரத்தில் ஐந்து நாள் மீன், குழம்பாக, எண்ணெய் குறைவாக. என் எழுத்தை அப்படி ஒரு இடத்தில் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூக்கு உடைபடப் போவது தெரியாது.

மைனி இலை போட்டார். களவா மீன் குழம்பு, களவா வறுவல், தலையைத் தனியாக ஒரு சட்டியில். மூன்று பேருக்கு அவ்வளவு மீன். அண்ணன் முன்னால் மட்டும் சோறும் சுரைக்காயும்.

"கம்பெனி மீனு வீட்டுக்கு வருது ஸ்டெல்லா, ஒரு மாசமா," என்றார் மைனி. "இந்த வீட்டுல முழுக் களவா குழம்பா கொதிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு."

நான் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அண்ணனைப் பார்த்தேன். அவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி மீன் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தூண்டிலில் ஏறும் பெரிய களவா, செப்பிலி எல்லாம் ஏற்றுமதிக் கம்பெனிக்கு. வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் மீன் என்பதால் கொக்கி மாட்டி இழுத்த தழும்புகூட இருக்கக் கூடாது. ஏறியவுடன் ஐஸில் படுத்துவிட வேண்டும். சின்ன மீன் எல்லாம் இந்தப் பெரிய மீனுக்கு இரையாகப் போய்விடும். பிறகு வீட்டுக்கு எது? தூண்டிலில் மாட்டிய மீன் மேலே வருவதற்குள் சுறா ஒரு வாய் கடித்திருந்தால், அதைக் கம்பெனி எடுக்காது. கடிபட்ட மிச்சம்தான் வீட்டுக் கறி, அதுவும் எப்போதாவதுதான். அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பிள்ளைகள் சின்ன வயதில், இன்றைக்குச் சுறா கடிக்கட்டும் என்று சாப்பாட்டு ஜெபத்தோடு சேர்த்துச் சொல்வார்களாம். மைனி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை தவறாமக் கேட்டேனே அண்ணே. மீன் சாப்பிட்டேன், மீன் சாப்பிட்டேன்னு சொன்னியே?"

அண்ணன் சுரைக்காயை ஓரமாக ஒதுக்கினார். "கடல்காரன் வீட்டுல மீனு இல்லன்னு எப்படிளா சொல்ல?" என்றார்.

இத்தனை வருஷமும் அவர் சொன்னதை நம்பி, மீன் சாப்பிட்டும் சர்க்கரை ஏறுகிறது என்றால் இந்த மனிதர் சோற்றைக் கட்டுப்படுத்தவில்லை, இனிப்பைத் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று நானாக முடிவு கட்டினேன். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதா என்று போனில் கத்தியிருக்கிறேன். மூன்று நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனால் படகில் சோறு, நூடுல்ஸ், சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட். வீட்டுக்கு வந்தால் சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, பாமாயில் வாசம். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே. நான் கத்தும்போது எதிர்முனையில் அவர் "சரிளா, சரிளா" என்று மட்டும் சொல்வார்.

மறுநாள் கடைத்தெருவுக்கு மைனியோடு போனேன். என் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அதைத்தான் செய்தேன். கேழ்வரகு இல்லை. கப்பல் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டதால் முட்டைக்கோஸ் வாடிக் கிடந்தது, அரைக் கிலோ கேரட் 70 ரூபாய். உள்ளூர்க் கீரை மழைக்குப் பிறகுதான். நூடுல்ஸும் பிஸ்கட்டும் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். எண்ணெயில் பாமாயில் பாக்கெட்தான் மலிவு.

தென்னந்தோப்புக்கு நடுவில் நின்றுகொண்டு பாமாயில் வாங்குகிறோமே மைனி என்றேன். தேங்காய் ஆட்டும் மில் ஒன்று பக்கத்திலேயே இருந்ததாம். வெளிநாட்டு எண்ணெய் மலிந்து வந்த பிறகு கொப்பரை விலை விழுந்து, மில்லை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டிடம் இப்போது சிமென்ட் மூட்டை வைக்கும் இடம். வெளிநாட்டு எண்ணெய் என்றால் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. இந்தோனேசியா இந்தத் தீவுக்கூட்டத்தின் தென்கோடிக்கு எதிரே இருக்கிற நாடு. அங்கே விளைந்த எண்ணெய் இவர்களைத் தாண்டி மெயின்லேண்ட் துறைமுகத்துக்குப் போய், சுத்திகரித்துப் பாக்கெட்டாகி, மறுபடி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் கடந்து மாயாபந்தர் அலமாரிக்கு வருகிறது. இவர்கள் பிடிக்கிற மீன் எதிர்த் திசையில் போகிறது. நல்லது எல்லாம் ஒரு வழியிலும் மிச்சம் எல்லாம் மறு வழியிலும் போகும்படி யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் மருத்துவமனை அறையில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பெயர் வாய்க் கட்டுப்பாடு இல்லாமை என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கம்பெனி ஏன் ஒரு மாதமாக மீன் எடுக்கவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். வாசலில் கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். மைனியின் தம்பிதான் இப்போது படகை ஓட்டுகிறார், அவர் அப்போதுதான் இரண்டு பெரிய களவாவை இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

"வாங்குத நாட்டுக்காரன் வரிய ஏத்திட்டானாம். அபி மால் நஹி லேகான்னு கம்பெனிக்காரன் கைய விரிச்சிட்டான். இப்போதைக்கு எடுக்க மாட்டானாம்." மீனைப் பார்த்தார். அதன் மேல் ஒரு கீறல் இல்லை. "எவ்வளவு நல்ல மீனு பாரு. அந்த வரிய ரெண்டு வருஷம் முன்னாடி ஏத்தியிருக்கக் கூடாது?"

வரி ஏறியதால் படகுக்காரர்கள் எல்லாருக்கும் நஷ்டம், அண்ணனுக்கும்தான். ஆனாலும் அதை அவர் அப்படிச் சொன்னார். அந்த வீட்டில் மீன் மலிந்த நேரத்தில் அவருடைய ரத்த அறிக்கை என் கையில் இருக்கிறது. சிறுநீரகம் அந்த நிலையில் இருக்கும்போது புரதம் அளந்துதான் சாப்பிட வேண்டும். நாளுக்கு மீன் இரண்டு விரல் அகலத்தில் ஒரே துண்டு. இளநீர் கூடவே கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். முற்றம் முழுக்கத் தென்னை நிற்கிறது.

டயாலிசிஸ் பற்றி இரண்டு நாள் பேசினேன். தலைகீழாக நின்று பார்த்தேன். மூச்சுத் திணறல் வரும் என்று பயமுறுத்தினேன், மைனி அழுதார். அண்ணன் அசையவில்லை. "அங்க போய் ஒரு ரூம்புல கிடந்து, மெசின்ல படுத்து, எதுக்குளா? இங்கனயாவது கடலப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

மூன்றாம் நாள் மதியம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையிலேயே உள்ள ஒரு விஷயத்தைச் சொன்னேன். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் சாப்பாட்டு விதி மாறும். மெஷினில் புரதம் கொஞ்சம் வெளியே போய்விடும், அதனால் கூடுதலாகச் சாப்பிடத்தான் சொல்வோம்.

"அப்படின்னா?"

"மதியம் ரெண்டு துண்டு மீன். ராத்திரி ஒரு துண்டு. பெரிய துண்டு."

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார். "களவாவா?"

"களவாதான். நானே எழுதித் தாரேன்."

சுவரிலிருந்து பழைய அட்டவணையைக் கழற்றச் சொன்னார். அதன் பின்பக்கத்திலேயே புதியதை எழுதினேன். எழுதி முடித்தபோது மைனி உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு அவருக்கு விதித்த ஒரு துண்டை அண்ணன் கால் மணி நேரம் சாப்பிட்டார். முள்ளை உறிஞ்சி, மறுபடி உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் வைத்தார்.

திரும்பும்போது மூன்று பேராக வந்தோம். பஸ் காட்டுக்குள் போனபோது அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த மக்களுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள் என்ற போர்டைக் கடந்தோம். முப்பது வருஷமாகப் போய்வருகிற பாதை, பார்க்காத போர்டு இல்லை. பஸ்ஸில் அன்றைக்கும் யாரோ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க உடம்புக்கு ஆகாதுன்னு கவர்மென்டுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு," என்றார். அதற்குப் பிறகு ஜிர்காடாங் வரை தூங்கிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். போர்ட்பிளேர் பஸ்ஸுக்கு முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுங்கள், காலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டால் முதல் வரிசையில் காட்டைக் கடக்கலாம். அடையாள அட்டை அவசியம். மாயாபந்தரில் தங்க 900லிருந்து 1,500 ரூபாய்க்குள் அறை கிடைக்கிறது. மாலை ஐந்தே காலுக்கு இருட்டிவிடும். செல்போன் சிக்னலை நம்பி எந்த ஏற்பாடும் வேண்டாம், கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் இனிப்புப் பெட்டி வேண்டாம். கேழ்வரகு மாவு, கம்பு, பயறு வகைகள், உலர்த்திய முருங்கைக்கீரை என்று பெட்டியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். களவா மீன் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதைப் படமெடுத்து, பிடித்தவருக்கே அனுப்பாமல் இருந்தால் போதும்.

அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று முறை. கால் வீக்கம் வடிந்திருக்கிறது, செருப்பின் வாரை மாட்ட முடிகிறது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருவரும் இருக்கிறார்கள். இதற்கிடையே கம்பெனிக்கு வேறொரு நாட்டில் ஆள் கிடைத்துவிட்டது. மாயாபந்தரில் மறுபடி மீன் எடுக்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம், படகு நிற்காமல் ஓடுகிறது, அறை வாடகையும் அதிலிருந்துதான் வருகிறது என்று மைனி சொன்னார். சுறா கடித்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து 240 கிலோமீட்டர் பஸ்ஸில் தினமும் அனுப்ப முடியாது. போர்ட்பிளேர் சந்தையில் களவா என்ன விலை விற்கும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுகிறேன். புது அட்டவணைப்படி மீன் சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன்ளா என்கிறார், அதே குரலில். முன்பெல்லாம் அதோடு நம்பிப் போனை வைத்துவிடுவேன். இப்போது என்ன மீன் என்று கேட்கிறேன். அண்ணன் யோசிக்கிறார். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனிதருக்கு, மதியம் தின்ற மீனின் பெயரைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.